அந்தப் பையன் அவங்க அம்மாகிட்ட என்ன சொன்னான்?

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ள. "அண்ணே, தி நியூ மியூட்டன்ட்ஸ் படம் பாத்தேன், அஞ்சு பேரும் நல்லாத்தான் நடிச்சிருக்காய்ங்க, ஐடியாவும் செமயா இருக்கு, ஆனா முடிஞ்சப்ப மனசுல ஒண்ணுமே நிக்கல. ஏன்? நானும் ஒரு டீனேஜ் சூப்பர் ஹீரோ ஷார்ட் ஃபிலிம் எழுதிட்டு இருக்கேன், அந்தத் தப்பு என் கதையில வந்துறக் கூடாது." இதுக்கு ரெண்டு வரில பதில் சொல்ல மனசு வரல தம்பி, இந்தப் படம் மேல எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம் இருக்கு, அதனால நீளமாவே சொல்லிர்றேன், பொறுமையாப் படி.

பாக்காதவங்களுக்காக கதைய மட்டும் சொல்லிருவோம். மார்வெல் காமிக்ஸ்ல எக்ஸ்-மென்ங்கற சூப்பர் ஹீரோ கூட்டத்துக்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைங்களா 1982ல க்ரிஸ் க்ளேர்மான்ட்டும் பாப் மெக்லியோடும் உருவாக்குன டீம் இது. அத ஜாஷ் பூன் படமா எடுத்து 2020 ஆகஸ்ட்ல வெளிவந்துச்சு, ஃபாக்ஸ் கம்பெனி எடுத்த எக்ஸ்-மென் வரிசைல 13ஆவது படம், கடைசிப் படமும் அதான். சக்தி வந்து அத அடக்கத் தெரியாத அஞ்சு விடலைப் பிள்ளைங்கள ஒரு பழைய ஆஸ்பத்திரிக்குள்ள வச்சுப் பூட்டிருக்காங்க, பாத்துக்க ஒரே ஒரு டாக்டரம்மா. ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒரு சாவு இருக்கு. சாம்ங்கற பையன் கென்டக்கில நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தவன், அவன் சக்தி திடீர்னு வெடிச்சுக் கெளம்பி சுரங்கமே இடிஞ்சு அதுல அவங்க அப்பாவே செத்துட்டாரு. ராபர்டோ பிரேசில்ல பெரிய வீட்டுப் பையன், காதலிச்ச பொண்ண முத்தம் குடுக்கறப்ப உடம்பு தீயா மாறி அவ கருகிப் போய்ட்டா. ரேன் ஓநாயா மாறுற பொண்ணு, சூனியக்காரின்னு சொல்லி அவளுக்குச் சூடு வச்ச பாதிரியாரக் கடிச்சுக் கொன்னவ. இல்யானா சின்ன வயசுல ஆளுங்க தூக்கிட்டுப் போய் சித்திரவதை பட்ட ரஷ்யப் பொண்ணு. அஞ்சாவது டேனி, அமெரிக்கப் பூர்வகுடி செய்யென் இனத்துப் பொண்ணு, படம் அவ ஊரு அழியறதுல ஆரம்பிக்கும், அப்பா அவளக் காப்பாத்திட்டுச் செத்துருவாரு, முழிச்சுப் பாத்தா கையில விலங்கோட ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடப்பா. அவ சக்தி என்னன்னா, பக்கத்துல இருக்கறவங்க அடிமனசுல இருக்கற பயத்த உருவமா வெளில கொண்டாந்துரும்.

இத ஒரு ஒன்லைனா யோசிச்சுப் பாரு தம்பி. அஞ்சு பிள்ளைங்க, அஞ்சு குற்ற உணர்ச்சி, அதுல ஒருத்திக்கு மத்தவங்க மறைச்சு வச்சத எல்லாம் உசுரோட நிறுத்துற சக்தி, வெளிய போக வழி இல்லாத கட்டடம். இதுக்கு மேல ஒரு திரைக்கதைக்காரனுக்கு என்னய்யா வேணும்? இத வச்சுக்கிட்டு கோட்டை விட்டாய்ங்களேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.

எல்லாரும் சொல்ற காரணம் தாமதம். அது உண்மைதான், இல்லன்னு சொல்லல. 2017ல மாசசூசெட்ஸ்ல மெட்ஃபீல்ட்னு ஒரு மூடிக் கெடந்த மனநல ஆஸ்பத்திரில ஷூட்டிங் முடிச்சாச்சு. 2018 ஏப்ரல் 13 ரிலீஸ்னு சொன்னாங்க, அப்பறம் 2019 பிப்ரவரின்னாங்க, அப்பறம் 2019 ஆகஸ்ட், அப்பறம் 2020 ஏப்ரல். நடுவுல 2019 மார்ச்ல டிஸ்னி ஃபாக்ஸ வாங்கிருச்சு, அதுக்குப் பெறகு கொரோனா. கடைசியா 2020 ஆகஸ்ட் 28 அமெரிக்காவுல ரிலீஸ், அப்ப நம்ம தமிழ்நாட்டுல தியேட்டரே பூட்டித்தான் கெடந்துச்சு, நவம்பர்லதான் தெறந்தாங்க. மொதல்ல விட்ட ட்ரெய்லர் பேய்ப்படம் மாதிரி இருந்து ஜனங்களுக்குப் புடிச்சுப் போக, படத்துல இன்னும் பயம் கூட்டி பேட்ச் வொர்க், அதாவது ஷூட்டிங் முடிஞ்ச பெறகு கூடுதல் சீன், எடுக்கலாம்னு பேச்சு ஓடுச்சு, ஆனா எடுக்கவே இல்ல. கம்பெனி கைமாறி எல்லாம் முடியறதுக்குள்ள பசங்களுக்கு வயசு கூடிப் போச்சுன்னு டைரக்டரே சொன்னாரு.

இந்த வலி எனக்குத் தெரியும். நான் அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்த ஒரு சின்னப் படம், நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஷூட்டிங், ஹீரோவுக்குத் தம்பியா 14 வயசுப் பையன் ஒருத்தன். பாதிப் படத்துல காசு நின்னு போச்சு, பதினோரு மாசம் கழிச்சு மறுபடி கெளம்பி பேட்ச் வொர்க் எடுக்கப் போனா அந்தப் பையன் வீட்டுக்குள்ள இருந்து நிலைவாசல்ல குனிஞ்சு வர்றான். மொதல் ஷெட்யூல்ல நிலைக்கு நாலு விரல் கீழ நின்னவன். மீசை அரும்பிருச்சு, குரல் ஒடஞ்சிருச்சு. அண்ணன் ராத்திரி லேட்டா வர்றப்ப இவன் கதவத் தெறந்து விட்டுட்டு "அப்பா இன்னும் தூங்கல"ன்னு சொல்ற சீன், மொத்தப் படத்துக்கும் அச்சாணி அது, கதவுக்கு வெளிப்பக்கம் எடுத்தாச்சு, உள்பக்கம்தான் பாக்கி. முன்னாடி எடுத்த ஷாட்டோட இது ஒட்டவே இல்ல, கன்டினியூட்டி சுத்தமா செத்துப் போச்சு, எடிட் டேபிள்ல அந்த சீனையே தூக்க வேண்டியதாப் போச்சு. வளர்ற பிள்ளைகள வச்சு படம் எடுக்கறவன் கடிகாரத்தோட ஓடணும், பெரிய நடிகர் படம் மாதிரி ரெண்டு வருசம் கழிச்சு ஒரு விக்கு வச்சு சமாளிச்சுற முடியாது.

ஆனாலும் தாமதம் மேல மட்டும் பழியப் போட எனக்கு மனசு ஒப்பல. படம் பெட்டிக்குள்ள கெடந்ததால கெட்டுப் போகல, எழுதுறப்பவே ஒரு எடத்துல நழுவிருச்சு. எந்த எடம்னு எனக்கே தெளிவா புரிஞ்சது ஒரு பையன் கேட்ட கேள்வியாலதான்.

வில்லாபுரத்துல ஒரு வீட்டு மாடில ஞாயித்துக்கிழமை திரைக்கதை வகுப்பு எடுக்குறேன், ப்ளஸ் டூ முடிச்ச பசங்க, காலேஜ் மொத வருசம், ஒரு எட்டு ஒம்பது பேர் வருவாய்ங்க. அங்க ப்ரொஜெக்டர் போட்டு இந்தப் படத்த ஓட்டுனேன். மேலூர் பக்கத்துப் பையன் ஒருத்தன், அவங்க அப்பா கல்குவாரில வேலை பாத்தவரு, உக்காந்தா எந்திரிக்காம படம் பாப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். சாம் அந்தச் சுரங்கத்துல நடந்தத சொல்ற எடம் வந்துச்சு, போச்சு, படம் அடுத்த பிள்ளையோட பயத்துக்குப் போயிருச்சு. படம் முடிஞ்சு லைட்டப் போட்டதும் எல்லாரும் கடைசில டேனியோட பயமா வர்ற ராட்சசக் கரடியோட சிஜி, அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், பத்திப் பேசிட்டு இருக்கறப்ப இவன் மட்டும் கேட்டான், "ஏண்ணே, அப்பாவச் சாகடிச்சுட்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனானா இல்லையா? அவங்க அம்மாகிட்ட என்ன சொன்னான்?"

எனக்குச் சுரீர்னு ஆகிப் போச்சு. 94 நிமிசப் படத்துல அதுக்குப் பதிலே இல்ல. அந்தக் கேள்வியவே படம் கேக்கல. ஒரு சுரங்கம் இடிஞ்சிருக்கு, உள்ள எத்தன பேர் இருந்தாங்க, மறுநாள் காலைல அந்த ஊர் எப்பிடி இருந்துச்சு, எந்தெந்த வீட்டு வாசல்ல பொம்பளைங்க உக்காந்து அழுதாங்க, அதுல ஒரு வாசல் சாமோட வாசல், அவன் உசுரோட வந்து நிக்கிறான், அவன் மட்டும். அவங்க அம்மா இவன் உசுரோட வந்ததுக்கு அழுவாளா, புருசன் வராததுக்கு அழுவாளா? மேலூர் பக்கம் குவாரில கல்லு சரிஞ்சா ஊரு எப்பிடி ஆகும்னு பாத்து வளந்த பையனுக்கு மொதல்ல தோணுற கேள்வி அதான், கோடிக்கணக்குல செலவழிச்சவங்களுக்குத் தோணல. காமிக்ஸ்ல கூட அப்பா போன பெறகு வீட்டுக் கஞ்சிக்காக சுரங்கத்துக்குப் போற மூத்த பிள்ளை சாம், அம்மா, தம்பி தங்கச்சின்னு பெரிய குடும்பம். படத்துல அந்தக் குடும்பத்தக் கத்தரிச்சுட்டு காயத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

இதத்தான் நான் நழுவுன எடம்னு சொல்றேன். விடலை வயசு சூப்பர் ஹீரோ கதைல சக்தி பெரிய விசயமே கெடையாது. அந்த வயசுல எல்லா பிள்ளைக்கும் உடம்புல ஏதோ ஒண்ணு சொல்லாமக் கொள்ளாம மாறத்தான் செய்யுது, அதுதான் சக்தியா வருது. ஆனா அந்த மாற்றம் யார் கண்ணுல மொதல்ல படுது, யார்ட்ட மறைக்க வேண்டியிருக்கு, வீட்ல சோறு போடுறவங்க மொகம் எப்பிடி மாறுதுங்கறதுல இருந்துதான் கதை கெளம்பும். அம்மா, அப்பா, வாத்தியாரு, பக்கத்து வீட்டு அத்தை, பள்ளிக்கூடத்துல முன் பெஞ்சுல உக்காந்திருக்கற எதிரி, இப்பிடி அழுத்துறதுக்கு ஆளுங்க இருந்தாத்தான் அந்தச் சக்தி எதையாவது தள்ளும். இங்க அஞ்சு பிள்ளைகளையும் ஒரு காலிக் கட்டடத்துல கொண்டாந்து வச்சுட்டாங்க, வார்டன் கெடையாது, நர்சு கெடையாது, சமையக்காரம்மா கூடக் கெடையாது. ஹாஸ்டல்ல படிச்சவனுக்குத் தெரியும், ஹாஸ்டல் கதைன்னா பாதி கதை வார்டனும் மெஸ்ஸும்தான். ஒரு டாக்டரம்மாவத் தவிர காவலுக்கு ஆளே இல்லாத ஜெயில்ல இருந்து தப்பிக்கிறதுல என்ன பதட்டம் வரும்?

நல்ல எடம் இல்லாம இல்ல. டாக்டரம்மாவுக்கு டீல மயக்க மருந்தக் கலந்து குடுத்துட்டு அஞ்சு பேரும் ராத்திரி ஆட்டம் போட்டு, பொய் கண்டுபுடிக்கிற மெசின மாட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கறாங்கள்ல, அந்த சீன் பத்து தடவ பாக்கலாம். அங்க ஒரு சக்தியும் வேலை செய்யல, ஒரு சிஜியும் இல்ல, ஒரு ஊசி மட்டும் ஆடுது, அதுக்கே எல்லாரும் நிமிந்து உக்காந்தோம். ஏன்னா அங்கதான் ஒரு பிள்ளைகிட்ட இன்னொரு பிள்ளை "நீ என்ன செஞ்ச"ன்னு நேருக்கு நேரா கேக்குது. படம் முழுக்க அந்த ராத்திரியாவே இருந்திருக்கலாம். அதே மாதிரி டேனிக்கும் ரேனுக்கும் நடுவுல வர்ற காதல், ரெண்டு பொண்ணுங்க காதல மார்வெல் படத்துல நடுநாயகமா வைக்கிறது அப்ப அரிது, அத அலட்டாம, மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்லாம, மழைக்கு ஒதுங்குன ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி எடுத்திருக்காரு. ரேனா வர்ற மெய்ஸி வில்லியம்ஸ் அதுல பார்வையாலயே பாதி வசனத்தச் சொல்லிரும். ஜாஷ் பூனுக்கு இது வரும்னு எனக்குத் தெரியும், 2014ல புற்றுநோய் வந்த ரெண்டு பிள்ளைங்க காதல வச்சு எடுத்த படம் 1 கோடியே 20 லட்சம் டாலர்ல எடுத்து 30 கோடிக்கு மேல வசூலாச்சு. அந்த மனுசனுக்கு விடலைப் பிள்ளைங்க சாவு பயம் கைவந்த கலை. அதனாலதான் கோவம் கூடுது.

இல்யானாவா வர்ற அன்யா டெய்லர்-ஜாய் பத்தி தனியா சொல்லணும். கையில ஒரு டிராகன் பொம்மைய மாட்டிக்கிட்டு அதோட பேசுற பொண்ணு, சின்ன வயசுல நடந்தத தாங்க முடியாம ஒரு உலகத்தையே மனசுக்குள்ள கட்டி வச்சிருக்கா. அந்தப் பொம்மையப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு வகுத்தக் கலக்கும். ஆனா அதே கேரக்டர் டேனிய அவ இனத்த வச்சு வாய்க்கு வந்தபடி கேலி பண்ணுது, படம் அதுக்கு ஒரு எடத்துலயும் கணக்குக் கேக்கல, கடைசில ரெண்டு பேரும் சேந்து சண்டை போட்டதும் எல்லாம் சரியாப் போச்சுன்னு விட்டுருது. ஊரையே இழந்துட்டு வந்த பொண்ணு அவ. அத அப்பிடிக் கடந்து போயிருக்கக் கூடாது.

இப்ப கரடிக்கு வர்றேன். 1984ல க்ளேர்மான்ட் எழுதி பில் சின்கீவிச் வரைஞ்ச கரடிக் கதைதான் மூலம், காமிக்ஸ் படிக்கிறவங்க அந்தப் பக்கங்கள இன்னைக்கும் கொண்டாடுவாங்க, பக்கம் முழுக்க மை சிந்துன மாதிரி ஒரு கறுப்பு, அதுக்குள்ள பல்லு. அந்தக் கதைல கடைசில ஒரு அடி இருக்கு. டேனியோட அப்பா அம்மாவக் கொன்னுருச்சுன்னு அவ நெனச்சுட்டு இருந்த கரடி, உண்மைல உருவம் மாத்தப்பட்ட அவ அப்பா அம்மாவேதான். அப்பிடி ஒரு திருப்பம் சும்மா கெடக்குது கையில. படத்துல அத எடுத்துட்டு, கரடி டேனியோட பயம்தான், அவ சக்தியே அத உருவாக்கி அவ ஊர அழிச்சுருச்சுன்னு வச்சாங்க. சரி, அதுவும் பலமான மாற்றம்தான், யோசிச்சா அத விடவும் பயங்கரம், அந்தப் பொண்ணே அவ ஊரையும் அப்பாவையும் சாகடிச்சிருக்கா. அப்பிடின்னா படம் அங்கதான் ஆரம்பிக்கணும். ஆனா மயங்கிக் கெடக்கற டேனிகிட்ட அப்பா ஆவியா வந்து தைரியம் சொல்றாரு, அவ எந்திரிச்சுப் போய் கரடியத் தடவிக் குடுக்கறா, கரடி அடங்கிருது, அஞ்சு பேரும் வெளிய நடந்து போறாங்க. அப்பாகிட்ட "நான்தான் பண்ணேன்"னு அவ சொல்ல வேண்டாமா? அவரு "தெரியும்த்தா"ன்னு சொல்ல வேண்டாமா?

நம்ம பக்கம் கோடாங்கி பாத்திருப்ப. வயசுப் பொண்ணு திடீர்னு ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்குது, சாப்புட மாட்டேங்குது, ஆள் மாறிப் பேசுதுன்னா கருப்பன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அங்க நடக்கறத ஒரு எழுத்தாளனாப் பாரு. உடுக்கைய அடிச்சு மொதல்ல கேக்கற கேள்வியே "நீ யாரு, எங்க புடிச்ச, என்ன வேணும்"ங்கறதுதான். குடும்பமே சுத்தி நிக்கும். அந்தப் பொண்ணு வாயில இருந்து மாமியா கொடுமை வரும், செத்துப் போன அக்கா பேரு வரும், எவனோ ஒருத்தன் செஞ்சது வரும், இத்தன நாள் வீட்ல பேச முடியாத ஒண்ணு ஊரு முன்னாடி வெளிய வரும். பயத்துக்கு ஒரு பேரு, ஒரு கோரிக்கை, கேக்கறதுக்குச் சொந்தக்காரங்க. இந்த மூணும் இல்லாம வெறும் உருவம் மட்டும் வந்து உறுமுனா அது அலங்காரம்தான். படத்துல அஞ்சு பிள்ளைக்கும் பயம் உருவமா வருது, ராபர்டோவுக்கு நீச்சல் குளத்துல அந்தப் பொண்ணு வருது, ரேனுக்கு பாதிரியார் வர்றாரு, ஒருத்தர்கிட்டயும் யாரும் எதுவும் கேக்கல. வருது, பயமுறுத்துது, போயிருது. பாதிரியார் மட்டும் மறுபடி சூடு வச்சுட்டுப் போறாரு, அதனாலதான் அந்த எடம் மட்டும் மனசுல நிக்குது, காயம் மறுநாளும் அவ உடம்புல இருக்கு.

இதே விசயத்த சரியாச் செஞ்ச படம் வேணும்னா 2012ல வந்த க்ரானிக்கல் பாரு. 1 கோடியே 20 லட்சம் டாலர் பட்ஜெட், 12 கோடிக்கு மேல வசூல், மூணு பசங்க, பொருள கையால தொடாம நகத்துற சக்தி, பெரும்பாலும் கேமராவ ஒரு பையனே தூக்கிட்டுத் திரியற மாதிரி. அதுல ஆண்ட்ரூவுக்கு வீடு இருக்கு தம்பி. குடிச்சுட்டு அடிக்கிற அப்பா, உள் ரூம்ல நோயில கெடக்கற அம்மா. சக்திய வச்சு அவன் உலகத்தக் காப்பாத்தல, அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசு திருடப் போறான். அந்த ஒரு காரியத்துலயே படம் ஜெயிச்சுருச்சு, அதுக்கப்பறம் ஊரையே பேத்துப் போட்டாலும் நமக்கு அவன் மேல பாசம் போக மாட்டேங்குது.

விடலை கதை இல்லன்னாலும் மின்னல் முரளிங்கற மலையாள சூப்பர் ஹீரோ படத்தையும் சேத்துக்க. அதுல நம்ம மதுரைக்காரரு குரு சோமசுந்தரம் டீக்கடைல வேலை பாக்கற ஷிபுவா வருவாரு. ஹீரோவுக்கு வந்த அதே மின்னல் சக்திதான் இவருக்கும், ஆனா ஊரு இவரப் பைத்தியம்னு ஒதுக்கி வச்சிருக்கு. காலம் முழுக்கக் காத்திருந்த காதல் கை கூடுற நேரத்துல மனுசன் அழுகையும் சிரிப்புமா நிக்கிற நிப்புல தியேட்டர்ல பாக்காமப் போயிட்டமேன்னு இருந்துச்சு, அது நேரா நெட்ஃபிளிக்ஸ்ல வந்துருச்சு. வில்லன வில்லனாக்கறது சக்தி கெடையாது, அந்த ஊரு.

இன்னொரு சின்ன விசயம், ஆனா எனக்கு உறுத்துறது. இந்தக் கேரக்டர்கள வரைஞ்சு உருவாக்குன பாப் மெக்லியோடோட பேர படத்துல பேர் போடுற எடத்துலயே தப்பா ஸ்பெல்லிங் போட்டுட்டாங்க, அவரு வருத்தப்பட்டு எழுதுனாரு. காமிக்ஸ்ல கறுப்பு நெறத்துப் பையனா இருந்த ராபர்டோவ வெளிர் நெறமா மாத்திட்டாங்கங்கற வருத்தமும் அவருக்கு இருந்துச்சு. மூணு வருசம் பெட்டில இருந்த படத்துல ஒரு பேரச் சரி பாக்க ஒருத்தருக்கும் நேரம் இல்ல. சொந்தக்காரங்க இல்லாமப் போன படம்னு நான் நெனைக்கிறது இதனாலயும்தான்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். நீ சொன்ன ஒன்லைன், ஸ்கூல் பையன், கரன்ட் கம்பத்துல கை வச்சதுல இருந்து அவன் தொட்டா மின்சாரம் பாயுது, வில்லன் ஆளுங்கள அடிக்கிறான். சக்தி வர்ற சீன ஆறு பக்கம் எழுதிருக்க, அத ஒரு பக்கமாக் கொறை. மறுநாள் காலைல இருந்து எழுது. அவன் தூங்கி எந்திரிச்சதும் யாரத் தொடுவான்? பக்கத்துல படுத்திருக்கற தங்கச்சி இருக்கா? அம்மா தலைக்கு எண்ண வைக்க வந்தா என்ன செய்வான், "வேணாம்மா"ன்னு தள்ளிப் போனா அந்தம்மா என்ன நெனப்பா, வளந்துட்டான், என்னைத் தொட விட மாட்டேங்கறான்னு நெனப்பா, அது எல்லா அம்மாவும் அந்த வயசுல நெனக்கிறதுதான, உன் சக்தி அங்க போய் ஒட்டிக்கிச்சு பாத்தியா? திருமங்கலத்துல இருந்து டவுன் பஸ்ல நெரிசல்ல எப்பிடி வருவான், கம்பியப் புடிக்க முடியுமா? வில்லன் ரெண்டாவது ட்ராஃப்ட்ல வேண்டாம், எடுத்துரு. அம்மாவுக்கு விசயம் தெரியற சீன் கண்டிப்பா வேணும், அத ரெண்டு பக்கத்துக்குக் கொறையாம எழுது, வசனம் கம்மியா.

மேலூர் பையன் அடுத்த வாரமே சாம் வீட்டுக்குப் போற சீன எழுதிட்டு வந்தான். ஒன்றரைப் பக்கம். அம்மா ஒரு வார்த்தையும் கேக்க மாட்டா, தட்டு ரெண்டு எடுத்து வைப்பா, அப்பறம் பழக்கத்துல மூணாவது தட்டையும் எடுத்துருவா, எடுத்தத எங்க வைக்கிறதுன்னு தெரியாம கையிலயே வச்சுக்கிட்டு நிப்பா, சாம் எந்திரிச்சு அத வாங்கி வைப்பான். அவ்வளவுதான் சீன். நீ ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வில்லாபுரம் வந்தீன்னா அந்தப் பேப்பரக் காட்டச் சொல்றேன், உன் ட்ராஃப்டையும் எடுத்துட்டு வா.